முடிச்சுகளைக் கணக்கிட எந்த மென்பொருள்? மும்பையில் ஆராய்ச்சி தொடங்குபவர்களுக்கு

செம்பூரில் வீடு, பவாயில் முதுகலைக் கணிதம். அப்படிப் படிக்கும் ஒரு தங்கை அண்மையில் கேட்டாள்: “அண்ணா, முடிச்சுக் கோட்பாட்டுல ப்ராஜெக்ட் எடுத்திருக்கேன். மேத்தமேட்டிகா கத்துக்கவா, சேஜ் கத்துக்கவா? ஸ்னாப்பை மட்டும் போதும்னு சீனியர் ஒருத்தர் சொல்றார்.” கொலாபாவில் ஆராய்ச்சி செய்பவர்களும், டோம்பிவ்லியிலிருந்து லோக்கல் ரயிலில் கல்லூரிக்குப் போய்வருபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து விரிவாக எழுதிவிடுகிறேன். முனைகளை ஒட்டி மூடிய கயிற்றுச் சுற்றுகளில் எது எதுவாக மாறும், எது மாறாது என்று ஆராய்வதுதான் முடிச்சுக் கோட்பாடு. மேத்தமேட்டிகா, சேஜ், ஸ்னாப்பை மூன்றும் அதற்கான கணக்கைப் போட்டுத் தரும் மென்பொருள்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேஜை நிறுவி, அதற்குள் ஸ்னாப்பையைப் போட்டுக்கொள்ளுங்கள். ரெஜினா என்ற இன்னொரு மென்பொருளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை எப்படி இழுத்து வளைத்தாலும் மாறாத எண்ணையோ கோவையையோ மாற்றமிலி என்பார்கள். உங்கள் வழிகாட்டி குவாண்டம் மாற்றமிலிகளில் வேலை செய்பவரானால் மேத்தமேட்டிகா கற்றே ஆகவேண்டும், மற்றவர்களுக்கு அவசரமில்லை.

நான் இப்படிச் சொல்வதற்கு முதல் காரணம் விலை அல்ல. ஆராய்ச்சியில் கணினி தரும் விடைக்கு இரண்டு பயன்கள் உண்டு. எந்தப் பக்கம் யோசிக்கலாம் என்று அது வழிகாட்டலாம். அல்லது நிரூபணத்துக்குள்ளேயே ஒரு படியாக உட்காரலாம். வழிகாட்ட எந்த மென்பொருளும் போதும். நிரூபணத்துக்குள் வைக்க வேண்டுமென்றால், அந்த விடை எப்படி வந்தது, தப்பினால் எந்தப் பக்கம் தப்பும், வேறொருவர் தன் கணினியில் அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியுமா என்றெல்லாம் தெரிந்தாக வேண்டும். கீழே ஒவ்வொன்றையும் இந்தக் கேள்விகளை வைத்தே எடை போட்டிருக்கிறேன்.

சோதனைக்கு ஒரு சிக்குக் கோலம்

எல்லா மென்பொருளையும் ஒரே முடிச்சில் ஓட்டினால்தான் வேறுபாடு தெரியும். அதற்கு நான் சொல்வது சிக்குக் கோலம். செவ்வகமாக நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் கோடு தன்னைத் தானே வெட்டும்படி எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளையுங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி என்றால் கோலம் ஒரே இழையில் முடிந்துவிடும். இரண்டுக்கு இரண்டு என்றால் இரண்டு தனி இழைகள் வரும். பொதுவாக, இழைகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான். இப்போது கோட்டின் வழியே போய்க்கொண்டே, ஒவ்வொரு வெட்டிலும் மேலே, கீழே, மேலே, கீழே என்று மாற்றி மாற்றிக் குறித்துவிட்டால் கோலம் முடிச்சாகிவிடுகிறது.

இரண்டுக்கு மூன்று கோலத்தில் 7 குறுக்கீடுகள். முடிச்சு அட்டவணையில் அதன் பெயர் 7₄, அதாவது ஏழு குறுக்கீட்டு முடிச்சுகளில் நான்காவது. பௌத்தச் சின்னங்களில் வரும் முடிவிலா முடிச்சின் எளிய வடிவமும் இதுவே. மூன்றுக்கு நான்கு கோலத்தில் 17 குறுக்கீடுகள். நான்குக்கு ஐந்தில் 31. இவை மூன்றும் ஒற்றை இழைக் கோலங்கள்.

சோதனைக்கு இவை ஏன் ஏற்றவை என்றால், ஒரு விடை நமக்கு முன்கூட்டியே தெரியும். புள்ளிகளை முனைகளாகவும், ஒவ்வொரு குறுக்கீட்டையும் அதற்கு இருபுறமும் உள்ள புள்ளிகளை இணைக்கும் விளிம்பாகவும் எடுத்துக்கொண்டால் கட்டம் போட்ட ஒரு வரைபடம் கிடைக்கும். எல்லாப் புள்ளிகளையும் இணைத்து, எங்கும் சுற்றி மூடாமல் விளிம்புகளைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகளோ, அதுதான் மாறி மாறிப் போகும் அந்த முடிச்சின் டிடர்மினண்ட் என்ற மாற்றமிலி. இரண்டுக்கு மூன்றுக்கு அது 15. மூன்றுக்கு நான்குக்கு 2415. எந்த மென்பொருளில் கோலத்தை உள்ளிட்டாலும் முதலில் டிடர்மினண்ட் கேளுங்கள். 2415 வரவில்லை என்றால் நீங்கள் உள்ளிட்ட குறியீட்டில் எங்கோ ஒரு குறுக்கீடு பிசகியிருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலான தொல்லை கணக்கில் வருவதில்லை, படத்தை எண்களாக மாற்றும் இந்த இடத்தில்தான் வருகிறது.

மேத்தமேட்டிகா

1988-இல் வந்த மென்பொருள் இது. முடிச்சு ஆராய்ச்சியில் இதற்கு மதிப்பு வந்தது டொராண்டோவின் டிரோர் பார்-நாட்டனும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய நாட்-தியரி என்ற தொகுப்பால். தொகுப்பு இலவசம், அதன் நிரலையும் யாரும் படிக்கலாம். ஆனால் அதை ஓட்ட மேத்தமேட்டிகா வேண்டும்.

7₄-ஐக் கொடுத்து அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவை என்ற மாற்றமிலியைக் கேட்டால் 4, −7, 4 என்ற கெழுக்கள் வரும். குறி மாற்றிக் கூட்டினால் 15. கோலக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அடுத்து 9₂-ஐக் கொடுத்துப் பாருங்கள். அதே 4, −7, 4. அலெக்சாண்டரால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவை பிரித்துவிடும்: மாறி மாறிப் போகும் முடிச்சுகளில் ஜோன்ஸின் மிகப் பெரிய அடுக்குக்கும் மிகச் சிறிய அடுக்குக்கும் உள்ள வித்தியாசம் குறுக்கீட்டு எண்ணுக்குச் சமம், இங்கே 7, அங்கே 9. இது 1987-இல் நிரூபணமான தேற்றம். இப்படி நிமிடத்துக்கு நாலு மாற்றமிலிகளைக் கேட்டுப் பார்த்துப் பழக இந்தத் தொகுப்பைப் போல இனிமையானது வேறில்லை. அட்டவணை முடிச்சுகள் பெயரோடு உள்ளேயே இருக்கின்றன. விடை கணிதப் புத்தகத்தில் அச்சடித்ததுபோல் திரையில் வரும்.

இதன் உண்மையான பலம் குவாண்டம் மாற்றமிலிகளில்தான் தெரியும். மும்பைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தக் கதையே உண்டு. ஜோன்ஸ், ஹோம்ஃப்ளி, காஃப்மன் ஆகிய மூன்று பல்லுறுப்புக்கோவைகளாலும், பத்துக் குறுக்கீடு வரையிலான முடிச்சுகளில் இரண்டை அவற்றின் கண்ணாடிப் பிம்பங்களிலிருந்து பிரிக்க முடியவில்லை: 9₄₂, 10₇₁. பின்னாளில் பவாய் ஐஐடியில் இயற்பியல் பேராசிரியரான ராமதேவி, கோவிந்தராஜன், கௌல் ஆகியோர் 1994-இல் இயற்பியலின் செர்ன்-சைமன்ஸ் கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் பொது மாற்றமிலிகள் அந்த இரண்டையும் பிரிப்பதைக் காட்டினார்கள். நிறமேற்றிய ஜோன்ஸ் என்று முடிச்சுக் கோட்பாட்டுக்காரர்கள் சொல்லும் குடும்பம் அது. இந்த வகைக் கணக்கில் நீளமான குறியீட்டுக் கோவைகளைச் சுருக்கிக்கொண்டே போகவேண்டும். அங்கே மேத்தமேட்டிகாவின் சுருக்கும் திறமைக்கு ஈடு சொல்வது கடினம். பார்-நாட்டனும் வான் டெர் வீனும் அண்மைக் காலத்தில் எழுதிய மாற்றமிலிக் கட்டுரைகளிலும் நிரல் மேத்தமேட்டிகாவிலேயே வருகிறது. அந்தப் பக்கம் போகிறவர் இதைப் படிக்கத் தெரியாமல் இருக்க முடியாது.

ஆனால் அதே கேள்வியை வேறு கருவிகளிடம் கேட்டுப் பாருங்கள். 9₄₂-இன் சிக்னேச்சர் என்ற முழு எண் பூஜ்யமல்ல. கண்ணாடிப் பிம்பத்தில் சிக்னேச்சரின் குறி மாறும் என்பதால், பிம்பமும் முடிச்சும் வேறு வேறு என்பது அதோடு முடிந்துவிடுகிறது. சேஜில் ஒரே வரி. 10₇₁-க்குச் சிக்னேச்சர் பூஜ்யம், அதனால் அந்த வழி மூடிவிடும். ஸ்னாப்பையிடம் சமச்சீர்க் குலத்தைக் கேட்டால் பிம்பத்தோடு ஒத்துப்போகும் சமச்சீர் அதில் இல்லை என்று சொல்லும். ஒரு கேள்விக்கு ஒரு மென்பொருளில் பக்கம் பக்கமாகக் கணக்கு, இன்னொன்றில் ஒரு வரி. இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டுத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேத்தமேட்டிகாவில் எனக்கு உள்ள குறை இரண்டு. உள் நிரலைப் படிக்க முடியாது. அப்புறம் லைசென்ஸ். நிறுவனம் வாங்கிய லைசென்ஸ் வளாக நெட்வொர்க்கோடு கட்டப்பட்டிருந்தால், வீட்டுக்குப் போனதும் வேலை நின்றுவிடும். படிப்பு முடிந்து நகரம் மாறினால் நீங்கள் எழுதிய நோட்புக்குகளை நீங்களே திறக்க முடியாத நிலை வரும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் சொந்த உபயோகத்துக்கு இலவசமாக ஓடும். பழகிப் பார்க்க அது போதும்.

சேஜ்

2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கியது. பைத்தான் மொழியில் எழுதலாம். கேப், சிங்குலர், பாரி, மாக்சிமா என்று பல கணித மென்பொருள்கள் அதற்குள்ளேயே வருகின்றன. முடிச்சு, பின்னல் குலம் இரண்டும் அதில் தனி வகைகளாக உள்ளன. அலெக்சாண்டர், ஜோன்ஸ், ஹோம்ஃப்ளி, சிக்னேச்சர், சைஃபர்ட் அணி, ஜோன்ஸை விட நுட்பமான கோவனோவ் ஹோமாலஜி எல்லாம் கிடைக்கும். எந்த வரி எந்தக் கணக்கைச் செய்கிறது என்று நிரலைத் திறந்து படிக்கலாம். ஆய்வேட்டை மதிப்பிடுபவர் காசு செலவில்லாமல் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

வேகம்தான் குறை. இங்கே கணக்கின் இயல்பைப் புரிந்துகொள்வது முக்கியம். அலெக்சாண்டர் ஓர் அணிக்கோவைதான். 31 குறுக்கீடு என்றாலும் கண் இமைக்கும் நேரம். ஜோன்ஸ் அப்படியில்லை. ஒவ்வொரு குறுக்கீட்டையும் இரண்டு விதமாக வெட்டி ஒட்டலாம் என்பதால், நேரடி முறையில் 17 குறுக்கீட்டுக் கோலத்துக்கு 1,31,072 நிலைகள் வரும். 31 குறுக்கீட்டுக் கோலத்துக்கு 214 கோடியைத் தாண்டும். ஜோன்ஸைப் பொதுவாகக் கணக்கிடுவது மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று ஜேகர், வெர்டிகன், வெல்ஷ் மூவரும் 1990-இல் காட்டிவிட்டார்கள். அதனால் எந்த மென்பொருளும் எல்லா முடிச்சுக்கும் வேகமாக இருக்கப்போவதில்லை.

ஆனால் கோலம் போன்றவற்றுக்குக் குறுக்குவழி உண்டு. நான்கு வரிசைக் கோலத்தை எங்கே செங்குத்தாக வெட்டினாலும் சுமார் எட்டு இழைகள்தான் வெட்டுப்படும், கோலம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. இடமிருந்து வலமாகத் துடைத்துக்கொண்டே போய், வெட்டுமுகத்தில் உள்ள இழைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கின் பளு குறுக்கீடுகளின் மொத்த எண்ணிக்கையைச் சார்ந்து எகிறாது, அகலத்தைத்தான் சார்ந்திருக்கும். பார்-நாட்டன் கோவனோவ் ஹோமாலஜிக்கு இந்த வழியைக் காட்டினார். நாட்-தியரியோடு வரும் ஜாவா நிரல், டர்க் ஷூட்ஸின் நாட்ஜாப், லூகாஸ் லெவார்க்கும் ஆண்ட்ரூ லாபும் எழுதிய கோகா எல்லாம் இந்தப் பரம்பரை. சேஜின் சொந்தக் கோவனோவ் கணக்கு சிறு முடிச்சுகளுக்குப் போதும். பெரியவற்றுக்கு இந்தத் தனி நிரல்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாறி மாறிப் போகும் முடிச்சுகளுக்குக் கோவனோவ் ஹோமாலஜியை ஓட்டிக் காத்திருக்கவே வேண்டாம். ஜோன்ஸும் சிக்னேச்சரும் தெரிந்தால் அதன் அளவுகள் தெரிந்துவிடும் என்பது யூன் சூ லீ நிரூபித்தது. கோலத்தில் ஏதாவது ஓர் இடத்தில் மேலே கீழே வரிசையைக் கலைத்துவிட்டால்தான் கோவனோவுக்கு உண்மையான வேலை தொடங்குகிறது. மென்பொருளைத் தட்டுவதற்கு முன்னால் தேற்றத்தைத் தேடினால் இப்படி மணிக்கணக்கான ஓட்டம் மிச்சமாகும்.

கோவனோவ் பக்கத்துக் கணக்கின் மதிப்புக்கு லிசா பிச்சிரில்லோவின் வேலை ஒன்றே போதும். 11 குறுக்கீடுள்ள கான்வே முடிச்சு நாற்பரிமாணப் பந்துக்குள் ஒரு வழவழப்பான வட்டத்தட்டின் விளிம்பாக அமையுமா என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. அதன் அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவை வெறும் 1, அப்படி அமையும் முடிச்சுக்கெல்லாம் பூஜ்யமாகவே இருக்கும் ராஸ்முசன் எண்ணும் (கோவனோவ் ஹோமாலஜியிலிருந்து வருவது) பூஜ்யம். அவர் நேராக மோதவில்லை. கான்வே முடிச்சு அப்படி அமைந்தால் தானும் அமைந்தே ஆகவேண்டிய வேறொரு முடிச்சைக் கட்டினார். அந்த முடிச்சின் ராஸ்முசன் எண் பூஜ்யமில்லை என்பதைக் கணினி நிரல் காட்டியது, கான்வே முடிச்சின் கதை முடிந்தது. 2020-இல் வெளியான அந்தக் கட்டுரையில் கணினி தந்த விடை நிரூபணத்தின் ஒரு படி. முழு எண்களில் நடந்த கணக்கு என்பதால் அதில் தோராயத்துக்கு இடமே இல்லை.

ஸ்னாப்பை

இதன் மூலம் ஜெஃப் வீக்ஸ் 1980-களில் எழுதிய ஸ்னாப்பீ. பைத்தான் வடிவத்தை மார்க் கல்லர், நேதன் டன்ஃபீல்ட், மத்தியாஸ் கோர்னர் ஆகியோர் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது முடிச்சை வேறு கண்ணால் பார்க்கிறது. கயிற்றை எடுத்துவிட்டு, கயிற்றைச் சுற்றியுள்ள வெளியை நான்முகிகளாகத் துண்டு போட்டு, அதற்கு எங்கும் சேணம்போல் வளைந்திருக்கும் ஹைபர்போலிக் வடிவியலைக் கொடுக்கிறது. எட்டு வடிவ முடிச்சின் வெளிக்கு இரண்டு நான்முகிகள் போதும்; கனஅளவு 2.02988. நம்முடைய 7₄ கோலத்துக்கு 5.13794.

ஒரு முடிச்சுக்கு இப்படி ஒரே ஒரு கனஅளவு உண்டு என்று எப்படிச் சொல்கிறோம்? வெளியை வேறு விதமாகத் துண்டு போட்டால் வேறு எண் வராதா? வராது என்பதற்கு மோஸ்டோவின் 1968 தேற்றம் வேண்டும். அது மூடிய வெளிகளுக்கானது. முடிச்சு வெளிகள் முடிவில்லாமல் நீள்பவை. அவற்றையும் உள்ளடக்கி 1973-இல் நிரூபித்தவர் கோபால் பிரசாத், கொலாபா டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் எம். எஸ். ரகுநாதனின் மாணவராக இருந்தவர். மும்பையில் உட்கார்ந்து ஸ்னாப்பையில் கனஅளவு கேட்கும் ஒவ்வொருவரும் கொலாபாவில் போடப்பட்ட அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறார்கள். எனக்கு இது பெருமையான விஷயம்.

வசதிக்குக் குறைவே இல்லை. மவுஸால் படம் வரைந்தே முடிச்சை உள்ளிடலாம், கோலத்தை அப்படியே வரையலாம். சிக்கலான படத்தைச் சுருக்கித் தரும். கணிதவியலாளர் ஸாபோவின் நிரலும் உள்ளேயே இருப்பதால் நாட் ஃப்ளோயர் ஹோமாலஜி என்ற இன்னொரு மாற்றமிலியையும் கேட்கலாம். அதிலிருந்து முடிச்சின் ஜீனஸ், அதாவது முடிச்சை விளிம்பாகக் கொண்ட பரப்புக்குக் குறைந்தது எத்தனை துளைகள் வேண்டும் என்பது, ஐயமில்லாமல் கிடைத்துவிடும். நூறு குறுக்கீட்டைத் தாண்டிய முடிச்சுகளிலும் அது ஓடும்.

எச்சரிக்கை தேவைப்படுவதும் இங்கேதான். ஸ்னாப்பையின் வடிவியல் தசம எண்களில் நடப்பது. இரண்டு முடிச்சு வெளிகள் ஒன்றா என்று கேட்டு “ஆம்” என்று வந்தால், அதை நம்பி நிரூபணத்தில் வைக்கலாம். ஏனென்றால் அந்த “ஆம்”-க்குப் பின்னால் ஒரு துண்டுப் பிரிவை இன்னொன்றோடு நான்முகிக்கு நான்முகி பொருத்தும் பட்டியல் இருக்கிறது. அதைச் சரிபார்க்கத் தசமமே தேவையில்லை. “இல்லை” என்று வந்தால் கதை வேறு. இரண்டு வெளிகளின் இயல்பான துண்டுப் பிரிவைத் தசமக் கணக்கால் கண்டுபிடித்து, அவை பொருந்தவில்லை என்று சொல்கிறது. தசமத்தில் கடைசி இலக்கம் சறுக்கியிருந்தால் அந்தப் பிரிவே தவறாக இருக்கலாம். ஆவணத்திலும் அவர்களே இதை ஒளிவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். மேலே 10₇₁ பற்றி ஸ்னாப்பை சொன்ன “இல்லை” இந்த ரகம்.

சேஜுக்குள் ஸ்னாப்பையை வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். சேஜ் இருந்தால் ஸ்னாப்பை இடைவெளிக் கணிதத்தைப் பயன்படுத்தும். ஒவ்வொரு எண்ணையும், உண்மையான விடை நிச்சயம் உள்ளே இருக்கும் ஒரு சிறு இடைவெளியாகக் கொண்டுபோய், ஹைபர்போலிக் அமைப்பு உண்மையிலேயே இருக்கிறது என்பதையும் கனஅளவின் எல்லைகளையும் உறுதியோடு தரும். இயல்பான துண்டுப் பிரிவையும் அதே வழியில் உறுதிசெய்யலாம். தனியாக நிறுவிய ஸ்னாப்பையில் இந்தப் பகுதி வேலை செய்யாது. ஒரே கருவி, ஆனால் சேஜோடு சேர்ந்தால் அதன் “இல்லை”யும் சான்றாகிவிடுகிறது.

ஸ்னாப்பையின் வடிவியல் எட்டாத இடங்களும் உண்டு. வடை வடிவப் பரப்பின் மேல் சுற்றும் டோரஸ் முடிச்சுகளுக்கும், இரண்டைச் சேர்த்துக் கட்டிய கூட்டு முடிச்சுகளுக்கும் ஹைபர்போலிக் அமைப்பே கிடையாது. கனஅளவு சமம் என்பதால் முடிச்சு ஒன்று என்றும் ஆகாது. கான்வே முடிச்சுக்கும் கினோஷிடா-தெராசாகா முடிச்சுக்கும் ஒரே கனஅளவு.

ரெஜினாவும் மற்றவையும்

பென் பர்ட்டனும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதிய ரெஜினா முழு எண்களில் மட்டும் கணக்குப் போடுகிறது. முடிச்சு வெளிக்குள் பொதிந்திருக்கும் பரப்புகளை எண்ணித் தேடுவது அதன் முக்கியத் தொழில். கொடுத்த சிக்கல் உண்மையில் முடிச்சே இல்லாத வெறும் வளையமா என்ற கேள்விக்கு முடிவான வழி உண்டு என்று ஹாக்கன் 1961-இல் காட்டினார். அந்த வழியை உண்மையாகவே ஓட்டிப் பார்க்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்ததில் ரெஜினாவுக்குப் பெரிய பங்கு. அகலத்தைப் பயன்படுத்தும் ஜோன்ஸ், ஹோம்ஃப்ளி கணக்குகளும் இதில் உண்டு. 31 குறுக்கீட்டுக் கோலத்தை நான் இங்கேதான் கொடுப்பேன். 1998-இல் ஹோஸ்ட், திசில்த்வைட், வீக்ஸ் மூவரும் 16 குறுக்கீடு வரை 17,01,936 முடிச்சுகளைப் பட்டியலிட்டார்கள். 2020-இல் பர்ட்டன் அதை 19 குறுக்கீடு வரை நீட்டினார். வெறும் வளையத்தை விட்டுவிட்டால் 35,21,52,252 பகா முடிச்சுகள், அதாவது சிறு முடிச்சுகளின் கூட்டாகப் பிரிக்க முடியாதவை. பழகக் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் இது “வளையம் இல்லை” என்று சொன்னால் அது தேற்றம்.

முடிச்சின் குலத்தோடு வேலை என்றால், உதாரணமாகச் சிறு குறியீட்டெண் கொண்ட உட்குலங்களைத் தேட, கேப் போதும், சேஜோடு வந்துவிடுகிறது. சிட்னி பல்கலைக்கழகத்தின் மேக்மா சில குலக் கணக்குகளில் வேகமானது, ஆனால் காசு கட்டவேண்டும். கேப்பில் உண்மையாகவே மூச்சுத் திணறும்வரை அதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

மடிக்கணினி, ரயில், நெட்

எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியில் ஸ்னாப்பை, ரெஜினா, சேஜ் மூன்றும் ஓடும். விண்டோஸ் என்றால் ஸ்னாப்பை நேராக நிறுவிக்கொள்ளும். சேஜுக்கு விண்டோஸுக்குள் லினக்ஸ் அமைக்க வேண்டியிருக்கும், இடமும் நிறையப் பிடிக்கும். ஒரு மாலை போகும், போகட்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் கூகுள் கோலாபில் ஸ்னாப்பையை மட்டும் போட்டு அன்றைக்கே தொடங்கலாம். ஆனால் கல்யாண் லைனில் தினமும் போய்வருபவருக்கு நெட் இல்லாமல் ஓடுவதே தோது. சீட் கிடைத்தால் முல்லுண்ட் வருவதற்குள் ஒரு சிறு தேடலை எழுதி ஓடவிட்டுவிடலாம்.

தேடல் என்று வந்ததால் ஒன்று. 2025-இல் பிரிட்டன்ஹாம், ஹெர்மில்லர் இருவரும் முடிச்சவிழ்ப்பு எண் கூட்டலுக்குக் கட்டுப்படாது என்று காட்டினார்கள். 7₁ முடிச்சை வெறும் வளையமாக்க மூன்று குறுக்கீடுகளை மாற்றவேண்டும், அதன் பிம்பத்துக்கும் மூன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஆறு வேண்டும் என்றுதான் நெடுங்காலமாக எதிர்பார்த்தார்கள். ஐந்தே போதும். கண்டுபிடிக்கப் பெரிய கணினித் தேடல் தேவைப்பட்டது. கிடைத்த பிறகு அது சில படங்களாக, மாற்றங்களின் வரிசையாக எழுதக்கூடியது; கயிறு வைத்துக்கொண்டு யாரும் சரிபார்க்கலாம். இந்த மாதிரி வேலையில் தேடும் கருவி தசமமா முழு எண்ணா என்று கவலைப்படவே வேண்டாம். முடிவில் கையில் இருப்பது தானே சான்று.

கடைசியாகப் பெயர்கள். 1974-இல் நியூயார்க் வழக்கறிஞர் கென்னத் பெர்கோ, அட்டவணைகளில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வேறு வேறாக நின்ற இரண்டு பத்துக் குறுக்கீட்டு முடிச்சுகள் ஒன்றே என்று காட்டினார். 1976-இல் வந்த ரால்ஃப்சன் அட்டவணையில் 10₁₆₁, 10₁₆₂ என்று இரண்டும் இருக்கின்றன. அதனால் பழைய புத்தகத்தில் 166 வரை போகும் எண்கள் இப்போதைய அட்டவணைகளில் 165-இல் முடிகின்றன, 10₁₆₂-க்குப் பிறகு வருபவை ஒவ்வொன்றும் ஓர் எண் தள்ளி நிற்கும். எது முடிச்சு, எது பிம்பம் என்பதிலும் மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கம் மாறும். ஆய்வேட்டில் பெயரை மட்டும் எழுதாமல், குறுக்கீடுகளின் முழுக் குறியீட்டையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள். சிக்னேச்சரைக் குறியோடு எழுதிவைத்தால், எந்தப் பிம்பத்தைச் சொல்கிறீர்கள் என்பதைப் பல முடிச்சுகளில் அதை வைத்தே படிப்பவர் கண்டுகொள்வார்.